ஏற்காடு மலைப்பாதையைச் சீரமைக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
வாடகைக் கார் ஓட்டுநர்,
ஏற்காடு, சேலம் மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
சேலம் மாவட்டம்.

பொருள்: சேலம் - ஏற்காடு மலைப்பாதையின் வளைவுகளைச் சீரமைத்தல், விபத்துப் பதிவுகளில் சாலையின் நிலையையும் சேர்த்தல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏற்காடு வரும் பாதையில் 19 ஆண்டுகளாகக் கார் ஓட்டி வருகிறேன். கடந்த மழைக்காலத்தில் நான் மேலே ஏறிக்கொண்டிருந்தபோது, வளைவின் உட்புறத்தில் இருந்த பள்ளத்தைத் தவிர்க்க வலப்புறம் ஒடித்த ஒரு கார் என் வண்டியின் மீது மோதியது. என்னுடன் வந்த சிறுமிக்கு நெற்றியில் தையல் போட வேண்டியதாயிற்று. எதிரே இறங்கி வந்தவர் சமவெளியிலிருந்து முதன்முறையாக மலைக்கு வந்தவர், மெதுவாகத்தான் வந்தார். ஆனாலும் விபத்துக்குக் காரணம் 'ஓட்டுநரின் கவனக்குறைவு' என்று மட்டுமே எழுதப்பட்டது. பள்ளத்தைப் பற்றி ஒரு வரியும் இல்லை. அடிபட்டது என் வண்டிதான் என்றாலும், அந்தக் குற்றத்தை அவர் தலையில் மட்டும் சுமத்த என் மனம் ஒப்பவில்லை.

மலைச்சாலையைக் கெடுப்பது பெரும்பாலும் தண்ணீர்தான். மலைச்சரிவை ஒட்டிய வடிகாலில் சருகும் மண்ணும் அடைத்துக்கொள்ள, மழைநீர் சாலையின் மேல் ஓடித் தார் விரிசல்களுக்குள் இறங்குகிறது. அதன்மேல் பேருந்துகளும் சரக்கு வண்டிகளும் திரும்பும்போது ஜல்லி பெயர்ந்து பள்ளமாகிறது. சிதறிய ஜல்லியில் பிரேக் போட்டால் சக்கரம் வழுக்குகிறது. தாரின் விளிம்பு உடைந்து ஓரம் தாழ்ந்துபோன இடங்களில், எதிர்வண்டிக்கு ஒதுங்கும் இருசக்கர வாகனம் நிலைதடுமாறுகிறது. பனிமூட்டத்தில் இவற்றில் எதுவும் ஓட்டுநரின் கண்ணுக்குத் தெரிவதில்லை. வடிகாலைத் தூர்வாராமல் பள்ளத்தில் மட்டும் தாரைக் கொட்டுவதால்தான் அதே பள்ளம் அடுத்த மழையிலேயே மீண்டும் வாய் திறக்கிறது.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி, 2022ஆம் ஆண்டில் மட்டும் சாலைப் பள்ளங்களால் நேர்ந்த விபத்துகளில் நாடு முழுவதும் 1,856 பேர் உயிரிழந்தனர். சாலையின் வடிவமைப்பிலோ பராமரிப்பிலோ உரிய தரத்தைப் பின்பற்றாததால் உயிரிழப்போ ஊனமோ ஏற்பட்டால், பொறுப்பானவர்களுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க, 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தில் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 198ஏ பிரிவு இடமளிக்கிறது. ஆனால் பள்ளம் பதிவிலேயே ஏறாதபோது அந்தப் பிரிவை யார் மீது, எப்படிப் பயன்படுத்த முடியும்?

எனவே, மழைக்காலம் தொடங்கும் முன்பே வடிகால்களைத் தூர்வாரி, அதன் பிறகு வளைவுகளில் முழு அகலத்துக்கும் தார் போடவும், உடைந்த விளிம்புகளை மண்ணிட்டு உயர்த்தவும், பனியிலும் தெரியும்படி ஓரக்கோடுகளும் ஒளிரும் பட்டைகளும் அமைக்கவும் உத்தரவிடுமாறு வேண்டுகிறேன். மேலும், இப்பாதையில் விபத்து நேரும்போதெல்லாம் சாலைப் பொறியாளர் ஒருவர் நேரில் வந்து, பள்ளத்தை அளந்து, புகைப்படத்துடன் பதிவில் சேர்க்க ஆவன செய்யுமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். தாங்கள் ஆய்வுக்கு வரும் நாளில், பழுதடைந்த ஒவ்வொரு வளைவையும் நேரில் காட்ட நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(மனுதாரர் கையொப்பம்)