மழைக்கும் சேர்த்தா புள்ளி போடுகிறீர்கள்?
திரையிடல் நடத்தும் தம்பி, தங்கைகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பிமாரே, தங்கைமாரே,

இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்ட ஊர்களில் சனசமூக நிலையத்திலும் கோயில் மண்டபத்திலும் வெள்ளைத் துணி கட்டி, புரொஜெக்டரை இரவல் வாங்கிப் படம் காட்டுகிற உங்கள் எல்லோருக்கும் இந்த மடல். எங்கள் ஊருக்குப் பக்கத்துத் திரைப்பட வட்டம் ஒன்று பலகையில் ஒட்டியிருந்த புள்ளிப் பட்டியலைப் பார்த்த எரிச்சல் இதற்குள் இருக்கிறது. அதை மறைக்க விரும்பவில்லை. அதே பழக்கம் மற்ற இடங்களுக்கும் பரவுகிறது என்று கேள்விப்பட்டதால் எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

படம் முடிந்தவுடன் விளக்கைப் போட்டு ஆளுக்கொரு துண்டு கொடுக்கிறீர்கள். பத்துக்கு எத்தனை என்று எழுதி வாங்கிக் கூட்டிப் பிரித்துப் பலகையில் போடுகிறீர்கள். ஐந்துக்குக் கீழே இறங்கிய படத்தை இனித் திரையிடுவதில்லை என்று ஒரு தீர்மானமும் வைத்திருக்கிறீர்கள். ஊர்ச் சனத்தின் கருத்தைக் கேட்கிறோம் என்கிறீர்கள். நல்ல நோக்கம்தான். ஆனால் அந்தத் துண்டில் படத்தின் தரம் எவ்வளவு, அன்றைய பொழுது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க உங்களிடம் எந்த வழியும் இல்லையே.

தகரக் கூரைக்குக் கீழே படம் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மே மாதத்தில் தென்மேல் பருவமழை பிடித்தால் ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியா பக்கம் செப்டெம்பர் வரைக்கும் வானம் மூடியே கிடக்கும். கூரையில் மழை அறைகிற அறையில் கதாநாயகி என்ன சொன்னாள் என்பது முன்வரிசைக்கே கேட்காது. மெல்லப் பேசுகிற படம் ஒன்றை ஜூனில் எங்கள் பக்கம் போட்டால் அது தோற்றுத்தான் போகும். அடிதடிப் படம் பிழைத்துக்கொள்ளும், ஏனென்றால் அடிக்கு வசனம் தேவையில்லை. அதே ஜூனில் மலைக்கு அந்தப் பக்கம், பண்டாரவளையிலும் பதுளையிலும் வெயில் காய்கிறது. அவர்களுக்குப் பெருமழை வருவது வருடக் கடைசியில், வடகீழ்ப் பருவத்தில்தான். ஒரே படத்துக்கு இங்கே நாலு புள்ளியும் அங்கே எட்டுப் புள்ளியும் விழுந்தால், பதுளை இருக்கிற ஊவா மாகாணத்துக்காரருக்கு ரசனை கூடுதல் என்று ஒரு விவாதம் கிளம்பும். ரசனையாவது ஒன்றாவது, கூரை ஐயா, கூரை.

மழை கிடக்கட்டும், உடம்பைப் பாருங்கள். கொழுந்து குவிகிற மாதங்களில் நாள் முழுக்க மலையில் நின்று, கொழுந்தை நிறுத்துக் கொடுத்து, தோட்டத்துக் குழந்தைக் காப்பகமான பிள்ளை மடுவத்திலிருந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய், அடுப்பு மூட்டி இறக்கிவைத்துவிட்டு வந்து உட்காருகிறாள் ஒருத்தி. இரண்டே முக்கால் மணி நேரப் படத்தில் அவள் பிற்பாதி முழுவதும் கண்ணயர்ந்து போகிறாள். எழுப்பித் துண்டைக் கொடுத்தால் மூன்று என்று எழுதுகிறாள். அந்த மூன்று படத்துக்கா, அன்று அவள் பறித்த கிலோவுக்கா? அவளையே தீபாவளி முற்பணம் கைக்கு வந்த சனிக்கிழமையில் அதே படத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.

எதிர்ப்பக்கமும் உண்டு. 2022 மார்ச்சு இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்வெட்டு நீண்டபோது, எங்கள் லயத்து, அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளின், பையன்கள் ஒரு மர்மப் படத்தின் முதல் பாதியை மட்டும் பார்த்துவிட்டு அதை மாதக்கணக்காகப் புகழ்ந்துகொண்டு திரிந்தார்கள். கடைசியில் முடிவையும் பார்த்துத் தொலைத்தார்கள். அதோடு புகழ்ச்சி நின்றது.

மனநிலை தீர்ப்பில் எப்படி ஒட்டிக்கொள்கிறது என்பதை ஆய்வாளர்கள் தேடிப் பார்த்திருக்கிறார்கள். நோர்பர்ட் ஷ்வார்ஸ், ஜெரால்ட் குளோர் என்ற உளவியலாளர்கள் 1983இல் வெளியிட்ட ஆய்வு பெயர்பெற்றது. ஆட்களைத் தொலைபேசியில் அழைத்து, உங்கள் வாழ்க்கையில் எவ்வளவு திருப்தி என்று கேட்டார்கள். வெயில் நாளில் கேட்கப்பட்டவர்கள், மழை நாளில் கேட்கப்பட்டவர்களைக் காட்டிலும் திருப்தியாகப் பதில் சொன்னார்கள். ஆனால் பேச்சைத் தொடங்கும்போதே அங்கே வானிலை எப்படி என்று விசாரித்துவிட்டால் அந்த வித்தியாசம் போய்விட்டது. சோர்வுக்குக் காரணம் மழைதான் என்று உறைத்தவர் அதை வாழ்க்கையின் கணக்கில் எழுதவில்லை. பின்னாளில் மிகப் பெருந்தொகையான ஆட்களை வைத்துச் செய்த ஆய்வுகளில் வானிலைக்கு அவ்வளவு செல்வாக்கு இருப்பதாகத் தெரியவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். மழைக்கும் மனத்துக்கும் உள்ள கணக்கு அவ்வளவு நேரானதாக இருக்காது. என்றாலும் பெரிய கேள்விக்கு முன்னால் ஒரு சின்னக் கேள்வியைக் கேட்கும் அந்த உத்தி எனக்குப் பிடித்திருக்கிறது. அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

பொழுதுக்குப் பொழுது மாறும் மனநிலை ஒரு பக்கம் இருக்க, வாழ்க்கை நிலைமையே மாறிவிட்டால் படமும் வேறாகிவிடுகிறது. பாலு மகேந்திராவின் 'வீடு' 1988இல் வந்தது. அவர் மட்டக்களப்பை அடுத்த அமிர்தகழியில் பிறந்தவர் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். சென்னையில் சாதாரண வேலை பார்க்கும் ஒரு பெண் சொந்தமாக வீடு கட்டப் படும் பாடுதான் கதை. பாட்டு ஒன்றுகூட இல்லை. அதை என் அண்ணன் முதலில் பார்த்தது லயத்தில், எட்டுப் பேர் படுக்கிற காம்பரா என்ற ஒற்றை அறையில் இருந்துகொண்டு. பாதியில் எழுந்து போனார். கட்டுவதற்குக் காணி வைத்திருப்பவளுக்கு என்ன அழுகை என்று கேட்டார். அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது. தலைமுறை தலைமுறையாகப் பாடுபட்ட மண்ணில் ஒரு சாண் சொந்தமில்லாதவருக்கு அந்தப் பெண் பணக்காரியாகத்தான் தெரிவாள்.

பிறகு அண்ணனுக்கு ஏழு பேர்ச் காணி கிடைத்தது. அத்திவாரம் எழும்பியது, சுவர் எழும்பியது, சீமெந்து விலையும் எழும்பியது. கூரைக்கு வரும்போது காசு நின்றுவிட்டது. அந்தக் காலத்தில் மறுபடி அந்தப் படத்தைப் பார்த்தார். ஒப்பந்தக்காரன் சீமெந்தில் கைவைக்கிற இடத்தில் அவர் திரையைப் பார்த்துப் போட்ட சத்தம் பக்கத்து வீட்டுக்குக் கேட்டது. முடியாத வீட்டைத் தாத்தா வந்து சுவர் சுவராகத் தொட்டுப் பார்க்கும் காட்சியில் மூச்சுக்கூட விடவில்லை. படத்தில் ஒரு பிரேம்கூட மாறவில்லை. இரண்டு தடவையும் அவர் சொன்னதில் பொய் இல்லை. உங்கள் பலகையில் அண்ணனுக்கு எத்தனை புள்ளி எழுதுவீர்கள்?

இன்னொன்றைச் சொல்லத் தயக்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்ல வேண்டும். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்கள் மண்ணுக்குள் போயின. அதற்குப் பின் எங்கள் பக்கத்தில் சரிவுக்குக் கீழே குடியிருக்கும் பெண்கள் சிலர் சினிமாவில் மழைப் பாட்டு வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். ஒரு காலத்தில் அவர்களே கொழுந்து பறித்துக்கொண்டு பாடிய பாட்டுகள் அவை. நனைந்த சேலையும் குடையும் துள்ளலுமாக எடுத்த இயக்குநர் என்ன செய்வார் பாவம், அவர் ஒரு குற்றமும் செய்யவில்லை. அந்தப் பெண்களும்தான்.

இப்படியெல்லாம் சொல்வதால், இரண்டாம் தடவை பார்ப்பதுதான் சரியான தீர்ப்பு என்று நான் வாதாடுவதாக நினைத்துவிட வேண்டாம். மேன்முறையீட்டு நீதிமன்றம் மாதிரி இரண்டாம் பார்வைக்கு அதிகாரம் கூட என்று சில இளைஞர்கள் பேசுகிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. எங்கள் லயத்தில் ஒரு பெரியவர் இருக்கிறார். தோட்டத் தமிழரில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்ப இரு நாடுகளும் செய்த 1964 ஒப்பந்தத்தின்படி அவருடைய அக்கா குடும்பம் இந்தியாவுக்குப் போனது. தலைமன்னாருக்கு ஆட்களை ஏற்றிப் போன அந்த ரயிலுக்கு நம் சனம் வைத்த பெயர் அழுகைக் கோச்சி. படத்தில் ஸ்டேசனும் கையசைப்பும் வந்துவிட்டால் அவர் பத்துக்குப் பத்து எழுதிவிடுவார். ஒவ்வொரு தடவை பார்க்கும்போதும் கூடுதலாக அழுவார். நடிப்பு மட்டமா, வசனம் அபத்தமா என்றெல்லாம் அவரிடம் கேட்க முடியாது. அவர் பார்ப்பது அந்தப் படத்தையே இல்லை. இறந்துபோன அப்பாவுக்குப் பிடித்த படம், காதலித்த காலத்தில் பார்த்த படம், எல்லாவற்றிலும் இதே கலப்படம் உண்டு. அதேபோல எந்த மழையில் பார்த்தாலும் எந்த வெயிலில் பார்த்தாலும் குப்பையாகவே இருக்கிற படங்களும் உண்டு. அவற்றின் பெயரை எழுதி யாரோடும் சண்டைக்கு நிற்கும் வயது எனக்குக் கடந்துவிட்டது.

படம் பார்ப்பதையே தொழிலாகக் கொண்டவர்களின் கணக்கும் ஓரிடத்தில் நிற்பதில்லை. 'சைட் அண்ட் சவுண்ட்' என்ற பிரித்தானியச் சஞ்சிகை 1952 முதல் பத்து வருடத்துக்கு ஒரு தடவை விமர்சகர்களிடம் சிறந்த படங்கள் எவை என்று கேட்டுவருகிறது. முதல் தடவை 'பைசிக்கிள் தீவ்ஸ்' முதலிடம். 1962 தொடங்கி 2002 வரை 'சிட்டிசன் கேன்'. ஹிட்ச்கொக்கின் 'வெர்டிகோ' வெளிவந்தது 1958இல். அப்போது கலவையான வரவேற்புத்தான். அந்தப் பட்டியலின் முதல் பத்துக்குள் அது நுழைந்ததே 1982இல். 2012இல் முதலிடம், 2022இல் இரண்டாமிடம். வாக்களித்தவர்களும் இடையில் மாறினார்கள், கூடினார்கள் என்பது உண்மை. ஆனாலும் எனக்குப் பிடித்தது அந்தச் சஞ்சிகையின் பொறுமை. ஒரு தடவை கேட்டோம், முடிந்தது என்று அவர்கள் கடையை மூடவில்லை. தமிழில் 'அன்பே சிவம்' 2003இல் வந்தபோது வசூலில் சறுக்கியது. பிறகு தொலைக்காட்சியில் திரும்பத் திரும்பப் பார்த்த சனம்தான் அதைத் தூக்கி நிறுத்தியது. உங்கள் தீர்மானம் அன்று நாடு முழுவதற்கும் அமுலில் இருந்திருந்தால் அந்தப் படம் முதல் வாரத்தோடு போயிருக்கும்.

திரும்பப் பார்ப்பது நமக்கு ஒன்றும் புதிதில்லை. மாசி பிறந்து, சிவன் மன்மதனை எரிக்கும் கதையை ஆடுகிற காமன் கூத்துக்குக் காமன் நட்டுவிட்டால் தோட்டத்தில் தப்புப் பறைச் சத்தம் அடங்காது. மதன் எரியப்போகிறான் என்று கைக்குழந்தைக்குக்கூடத் தெரியும். போன வருடம் எரிந்தான், அதற்கு முந்தைய வருடமும் எரிந்தான். ஆனாலும் ரதி அழும்போது கண் துடைக்கிற கூட்டத்தைப் பாருங்கள். தாலி இழந்து புதிதாக வந்திருப்பவள் ஒருவிதமாக அழுவாள். போன வருடம் அவளே மாப்பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டு பார்த்தவள்தான். கூத்து முடிந்து யாரும் துண்டு கொடுத்துப் புள்ளி கேட்பதில்லை. கேட்டால் தப்படிக்கிற மாமா குச்சியாலேயே பதில் சொல்லிவிடுவார்.

ஒரு தடவையோடு முடிந்துபோன படங்களையும் நினைத்துப் பாருங்கள். நம் தோட்டங்களைக் களமாகக் கொண்டு இந்த நாட்டிலேயே தமிழ்ப் படங்கள் எடுத்தார்கள். 1963இல் 'தோட்டக்காரி', 1975இல் வீ. பி. கணேசன் தயாரித்த 'புதிய காற்று' என்று பெயர்களைச் சொல்லலாம். 1983 ஜூலை இனக்கலவரத்தில் ஹெந்தளையில் இருந்த விஜயா ஸ்டூடியோவை எரித்தபோது படச்சுருள்களும் எரிந்தன. இலங்கைத் தமிழ்ப் படம் ஒன்றை இன்று முழுதாகப் பார்க்க ஆசைப்பட்டால் அது கையில் கிடைப்பது அரிது. அவற்றைப் பற்றி நமக்கு மிஞ்சியிருப்பது, அன்று கொட்டகையில் பார்த்தவர்கள் ஒரே தடவை பார்த்துவிட்டுச் சொன்ன சொல் மட்டும். நல்லதென்றார்களா, அறுவை என்றார்களா, அதை ஒத்துப்பார்க்க வழியில்லை. அந்தக் கதி நமக்கு நெருப்பால் வந்தது. உங்களுக்கு ஹார்ட் டிஸ்க்கில் படம் பத்திரமாக இருக்கும்போதே, பலகையில் எழுதிய ஓர் எண்ணுக்காக அதைப் பெட்டியில் போட்டுப் பூட்டுகிறீர்கள்.

துண்டை நிறுத்தச் சொல்லவில்லை. மேல்வரியில் இன்னொரு கேள்வியைச் சேருங்கள்: இன்றைய நாள் உங்களுக்கு எப்படிப் போனது? அதற்குப் பதில் எழுதிவிட்டுப் புள்ளி போடட்டும். பலகையில் எண்ணுக்குப் பக்கத்தில் மாதத்தையும் அன்று மழையா வெயிலா என்பதையும் குறியுங்கள். ஐந்துக்குக் கீழே போன படத்தை அடுத்த பருவத்தில் இன்னொரு தடவை போடுங்கள். இரண்டாம் புள்ளி வந்ததும் முதல் புள்ளியை அழித்துவிடாதீர்கள். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கட்டும். முடிந்தால் ஹட்டன் பக்கத்து வட்டமும் பதுளை பக்கத்து வட்டமும் ஒரே படத்தை ஒரே மாதத்தில் போட்டுத் துண்டுகளை மாற்றிப் பாருங்கள். எனக்கே அதைப் பார்க்க ஆசையாக இருக்கிறது. ஐந்து என்ற அந்தக் கோட்டை யார் கிழித்தது என்று தெரியவில்லை. யாராக இருந்தாலும் அதை எடுத்துவிடுங்கள்.

எங்கள் பக்கத்து வட்டத்தாருக்கு மட்டும் ஒரு வார்த்தை. ஜூலையில் நாலே கால் வாங்கி நீங்கள் ஒதுக்கிய படத்தைப் பெப்ரவரியில், மழை விட்ட ஒரு சனிக்கிழமையில் திரும்பப் போடுங்கள். சம்பளச் சனிக்கிழமை வேண்டாம், அன்று கடைத்தெருவுக்குப் போனவர்கள் திரும்ப இருட்டிவிடும். ஆறரைக்குத் தொடங்கினால் தோட்டத்தின் மேல் டிவிஷன் பெண்களும் வந்து சேர்வார்கள். ஒலிபெருக்கி இல்லாவிட்டால் சொல்லியனுப்புங்கள், பாடசாலையில் கேட்டு வாங்கித் தருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருத்தி,
தலவாக்கலை.