ஸ்பே ஆற்றங்கரைப் பெரியவருக்கு நன்றி

ஜூலை மாலை, ஸ்காட்லாந்தின் ஸ்பே ஆறு. திரும்ப ஆற்றிலேயே விடவேண்டிய சால்மன் மீன், அதன் தாடையில் என் தூண்டில் கொக்கி ஆழமாக இறங்கியிருந்தது. யாரும் கூப்பிடாமலேயே தண்ணீரில் இறங்கி வந்தீர்கள், பெரியவரே. முதலில் கையை நனைத்தீர்கள். உலர்ந்த கை பட்டால் மீனின் வழவழப்பு உரிந்து பூஞ்சை பிடிக்கும். மீனை நீருக்கு மேலே தூக்கவே இல்லை. குறடால் கொக்கியின் தண்டைப் பிடித்து, நுழைந்த வழியே எடுத்தீர்கள். ஒரு கை வாலடியில், மறு கை வயிற்றடியில், தலை நீரோட்டத்துக்கு எதிராக. மீனை முன்னும் பின்னும் ஆட்டுகிறவர்கள்தான் அதிகம். அது செவுளுக்குக் கெடுதல். நீங்கள் அசையாமல் நின்றீர்கள். வால் தானாக உதறியதும்தான் விட்டீர்கள்.

ஆற்றுநீர் 20 டிகிரியை நெருங்கினால் தூண்டிலைச் சுருட்டிவிடச் சொன்னீர்கள். சூடேறிய நீரில் ஆக்சிஜன் குறைவு, விட்ட மீனும் பிழைப்பது கடினம். மிட்ஜ் என்னும் கடிக்கும் சிறு பூச்சி மொய்க்கும் நேரத்தில் உங்கள் முகவலையையும் கழற்றித் தந்தீர்களே! இந்தப் பதிவு உங்கள் கண்ணில் படட்டும், ஐயா.