கிளை வெட்டும் சூட்சுமம் தாரில் இல்லை, ரம்பம் வைக்கும் இடத்தில் இருக்கிறது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் தோட்டப் பக்கத்தில், காற்றில் முறிந்து தொங்கும் கிளையை என்ன செய்வது என்று ஒரு குறிப்பு வந்திருந்தது. ‘அடிமரத்தோடு ஒட்ட வெட்டி, வெட்டுவாயில் தார் பூசிவிடுங்கள்’ என்று இரண்டே வரியில் முடித்துவிட்டார்கள். என் அப்பா செய்ததும் இதேதான். அதன் பலனை இருபது வருடங்களாகத் தினமும் பார்த்துக்கொண்டிருப்பதால் இதை எழுதுகிறேன்.

எங்கள் வீட்டு வேம்பில் இரண்டு வெட்டுத் தழும்புகள் இருக்கின்றன. தெற்குப் பக்கம் இருப்பது அப்பா வெட்டியது. ஒட்ட அறுத்து, மழமழவென்று செதுக்கி, இரண்டு பூச்சு தார் அடித்தார். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. ஒன்றிரண்டு வெயில் காலம் போனதும் தார் வெடித்தது. வெடிப்பில் இறங்கிய மழைத் தண்ணீர் தாருக்குப் பின்னாலேயே தங்கிவிட்டது. இன்று அந்த இடம் ஒரு பொந்து. முழங்கை வரை கையை விடலாம் (நான் விடுவதில்லை, உள்ளே யார் குடியிருக்கிறார்களோ!). கிழக்குப் பக்கத் தழும்பு ஆறு வருடத்துக்கு முந்தையது. அதில் எதையும் பூசவில்லை. சுற்றிலும் பட்டை உருண்டு திரண்டு மூடிக்கொண்டே வந்து, இப்போது நடுவில் கட்டைவிரல் அகலம்தான் பாக்கி.

ஒரே மரம், இரண்டு வெட்டு. வித்தியாசம் ரம்பம் வைத்த இடத்தில் இருக்கிறது. கிளை அடிமரத்தோடு சேரும் இடத்தை நிதானமாகப் பாருங்கள். சட்டைக் காலர் மாதிரி ஒரு புடைப்பு தெரியும். மேலே கவட்டையில் பட்டை நெருக்குண்டு வரப்பு போல ஓடும். அந்தப் புடைப்பு அடிமரத்துக்குச் சொந்தம். காயத்தை மூடுகிற வேலையும், அழுகல் உள்ளே இறங்காமல் தடுக்கிற வேலையும் அங்கேதான் நடக்கின்றன. ஒட்ட வெட்டுகிறேன் என்று அதையும் சேர்த்து வழித்துவிட்டால், மரத்தின் கையைக் கட்டிப்போட்ட மாதிரிதான். அதற்காக ஒரு முழக் கட்டையை நீட்டிக்கொண்டு விடுவதும் தப்பு. அது காய்ந்து மக்கும்வரை மரத்தால் மூட முடியாது. புடைப்பைத் தொடாமல், அதற்குச் சற்று வெளியே வெட்ட வேண்டும்.

இது என் சொந்தச் சரக்கு இல்லை. அமெரிக்க வனத்துறையில் மரநோய்களை ஆராய்ந்த அலெக்ஸ் ஷைகோ, மரங்களைச் சங்கிலி ரம்பத்தால் நெடுக்கப் பிளந்து பார்த்து 1970களிலும் 80களிலும் எழுதிவைத்தது. நம் தோலில் காயம் ஆறுவது போல மரத்தில் ஆறுவதில்லை. கெட்டுப்போன பகுதியைச் சுற்றித் தடுப்புக் கட்டி ஒதுக்கிவிட்டு, அதற்கு மேல் புது மரத்தை வளர்த்துக்கொள்ளும். தாரோ பெயின்ட்டோ அழுகலை நிறுத்தாது. பொந்தைச் சுரண்டிச் சுத்தம் செய்து சிமென்ட் அடைப்பது இன்னும் மோசம். மரம் கட்டிய தடுப்பை நாமே உடைக்கிறோம்.

சரி, மரத்தின் கதை போகட்டும். வெட்டப்போகும் ஆளைப் பற்றிக் குறிப்பில் ஒரு வார்த்தைகூட இல்லை. 20 சென்டிமீட்டர் குறுக்களவும் 3 மீட்டர் நீளமும் உள்ள பச்சைக் கிளை 80 கிலோவுக்குக் குறையாது. இலையும் சிறு கொம்பும் தனி. 5 மீட்டர் உயரத்திலிருந்து அது கீழே வர ஒரு விநாடி போதும். நிமிர்ந்து பார்ப்பதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். அதனால் முறிந்த கிளையைப் பார்த்ததும் முதல் வேலை அதன் நிழலைக் காலி செய்வது. நாற்காலி, வண்டி, கொடித்துணி, குழந்தைகள், நாய் எல்லாவற்றையும் அப்புறப்படுத்திக் குறுக்கே கயிறு கட்டுங்கள். காற்று நின்றுவிட்டதே என்று கீழே போய் நிற்கக் கூடாது. பாதி நாரில் தொங்கும் கிளை அமைதியான மத்தியானத்திலும் விழும். கம்பால் தட்டி, கயிறு போட்டு இழுத்துப் பார்ப்பவர்களும் உண்டு. அது எந்தப் பக்கம் வரும் என்று இழுப்பவருக்கே தெரியாது.

கிளை முறியாமல் கவட்டையில் விரிசல் மட்டும் விட்டிருந்தால், தள்ளி நின்று இளங்காற்றில் பாருங்கள். விரிசல் வாயைத் திறந்து மூடினால் நாள் கடத்த வேண்டாம். மின்கம்பி பக்கத்தில் இருந்தால் பேச்சே இல்லை, மின்வாரியத்தைத்தான் கூப்பிட வேண்டும். ஈர மரத்தில் மின்சாரம் பாயும்.

தரையில் இரண்டு காலும் ஊன்றி, ரம்பம் தோளுக்கு மேலே போகாமல் வெட்ட முடிகிற, ஒரு கையால் தாங்கக்கூடிய சின்னக் கிளை என்றால் நாமே வெட்டலாம். அதையும் ஒரே வெட்டாக வெட்டக் கூடாது. மேலிருந்து அறுத்துக்கொண்டே போனால், பாதியிலேயே கிளை தன் பாரத்தில் சாய்ந்து, அடிமரத்துப் பட்டையை வாழைநார் உரிப்பது போல நீளமாக உரித்துக்கொண்டு போகும். அப்பாவின் வெட்டில் இதுவும் நடந்தது. முதலில் அடிமரத்திலிருந்து ஒரு முழம் தள்ளி, கிளையின் அடிப்பக்கத்திலிருந்து மூன்றில் ஒரு பங்கு அறுங்கள். ரம்பம் இறுகத் தொடங்கினால் நிறுத்திவிடலாம். அப்புறம் நாலு விரற்கடை வெளியே தள்ளி மேலிருந்து அறுத்தால் பாரம் சுத்தமாகக் கழன்றுவிடும். மிஞ்சிய கட்டையைக் கடைசியாகப் புடைப்புக்கு வெளியே எடுத்துவிடலாம். மூன்று வெட்டுக்கும் சேர்த்துப் பத்து நிமிடம் ஆகும்.

மற்றதெல்லாம் தொழில் தெரிந்தவர் வேலை. வருகிறவர் அண்ணாந்து பார்த்துவிட்டு, “மொத்தமா மொட்டையடிச்சிடலாம் சார், அப்புறம் தொல்லையே இல்ல” என்றால் மரியாதையாக அனுப்பிவிடுங்கள். மொட்டையடித்த மரம் கொத்துக் கொத்தாகத் துளிர்க்கும். அந்தக் கொம்புகளுக்குப் பிடிமானம் மேலோட்டமானது, கனத்ததும் ஒவ்வொன்றாக ஒடிந்து விழும். எங்கள் கிழக்குக் கிளையை வெட்டியவர் மரத்தைத் தொடுவதற்கு முன் இரண்டு முறை சுற்றி வந்தார், தூரில் காளான் இருக்கிறதா என்று குனிந்து பார்த்தார், கூடு இருக்கிறதா என்று கேட்டார். வெட்டியதற்குப் பிறகு அப்பாவின் தார் டப்பாவை நான்தான் நீட்டினேன். சிரித்துவிட்டு, “வேலிக்காலுக்கு அடிங்க” என்றார்.

இன்னொன்று. குறிப்போடு போட்டிருந்த படத்தில், ஒருவர் எந்தக் கிளையை வெட்டுகிறாரோ அதன் மேலேயே ஏணியைச் சாய்த்திருக்கிறார். பாரம் கழன்றதும் மிச்சக் கிளை மேலே எகிறும், ஏணிக்குச் சாய இடமிருக்காது. திருத்தம் வெளியிடுவதானால் முதலில் அந்தப் படத்தை மாற்றுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகன்