நின்றால்தான் குளிர்

ஈசூன், சிங்கப்பூர்
சனிக்கிழமை இரவு

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் பொங்கலுக்கு மறுநாள் வந்தது. மான்ட்ரியலில் மைனஸ் 15 டிகிரியில் வேலைக்குச் சைக்கிளில் போய்வந்ததை, தேக்காவில் கீரை வாங்கிவந்த மாதிரி ஒரே வரியில் எழுதியிருக்கிறாய். டயரில் ஆணி பதித்த கதையை அம்மாவிடம் சொன்னேன். "ஆணி இருந்தால் பஞ்சர்தானே ஆகும்?" என்று கேட்டார். அந்த ஆணி வெளியே பார்த்திருக்கும், ஐஸைக் கவ்விப் பிடிக்கத்தான் என்று விளக்கி முடிப்பதற்குள் என் தேநீர் ஆறிப்போய்விட்டது.

மார்ச் நெருங்குகிறது, நம் தென்கொரியச் சைக்கிள் பயணமும்தான். இஞ்சியோனிலிருந்து பூசானுக்கு 633 கிலோமீட்டர். தூரத்தில் எனக்குப் பயமில்லை. ஞாயிறுதோறும் பூங்கா இணைப்புப் பாதைகளைப் பிடித்துச் சாங்கி, கிழக்குக் கடற்கரை, மரினா என்று சுற்றி வருகிறேன். ஏற்றத்துக்குத்தான் இந்த ஊரில் பஞ்சம். வழியில் வரும் இஹ்வாரியோங் கணவாய் 548 மீட்டர். நம் ஃபேபர் மலையோ சுமார் நூறு மீட்டர்தான். அதனால் ஒரே காலையில் ஐந்து தடவை ஏறி இறங்குகிறேன். போன வாரம் ஐந்தாவது தடவை ஏறி வந்தபோது, முதல் தடவையிலிருந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு சீனத் தாத்தா கைதட்டிவிட்டார்.

என் கவலை வேறு. குளிரைப் பற்றி நீ எழுதுவதெல்லாம் எனக்குப் புத்தியில் ஏறுகிறது, உடம்பில் ஏறவில்லை. முப்பது வருஷமாக 31 டிகிரியில் ஓட்டிய உடம்பு இது. இரண்டு வாரத்துக்கு முன் வடகிழக்குப் பருவமழை விடாமல் கொட்டியதே, அப்போதுதான் கொஞ்சம் புரிந்தது. வெப்பநிலை 22-க்கு இறங்கியிருந்தது. சரி, நமக்கு இதைவிட நல்ல குளிர் எங்கே கிடைக்கும் என்று விடியற்காலையில் கிளம்பிவிட்டேன். மழையில் சாங்கி வரை ஓட்டினேன், ஒன்றும் செய்யவில்லை. சொல்லப்போனால் சுகமாகவே இருந்தது. உணவங்காடி நிலையத்தில் நாசி லெமாக் சாப்பிட உட்கார்ந்தேன் பார், தலைக்கு மேலே மின்விசிறி. ஐந்து நிமிஷத்தில் தாடை கிடுகிடுவென்று ஆட ஆரம்பித்துவிட்டது. தே ஹாலியா, அதாவது இஞ்சி டீ, கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, விசிறியை நிறுத்தச் சொல்லிக் கெஞ்சினேன். தேக்கோங் தீவில் ராணுவப் பயிற்சியின்போது மழையில் குழிக்குள் கிடந்தோமே, உன் மைலோவில் பாதியை எனக்குக் கொடுத்தாயே, அந்த ராத்திரி ஞாபகம் வந்தது.

நமக்கு இங்கே நிற்பதுதான் சுகம். வெயிலில் ஓட்டிவிட்டு நிழலில் நின்றால் போதும், உயிர் வந்துவிடும். அங்கே நிற்கும்போதுதான் ஆபத்து போலிருக்கிறது. அந்தக் கொரியப் பாதையில் நிற்காமலும் முடியாது. வழியில் தொலைபேசிக் கூண்டு மாதிரி நிற்கும் ஒவ்வொரு சிவப்புக் கூண்டிலும் இறங்கி, கையுறையைக் கழற்றி, கையேட்டில் முத்திரை குத்த வேண்டும். கணவாய் உச்சியில் இருக்கும் கூண்டை நினைத்தால்தான் எனக்கு வயிறு கலக்குகிறது. வேர்த்து விறுவிறுத்து ஏறியிருப்போம். சட்டை நனைந்திருக்கும். முத்திரை குத்திவிட்டுக் கிலோமீட்டர் கணக்கில் பெடலை மிதிக்காமலே இறங்க வேண்டும்.

இதற்காக நான் செய்த காரியத்தைக் கேட்டால் சிரிப்பாய். என் அத்தை மகன் காய்கறி இறக்குமதி செய்கிறார் அல்லவா, அவருடைய குளிர்க்கிடங்கு எப்போதும் 3 டிகிரியில் இருக்கும். வீட்டிலிருந்து வேர்க்க வேர்க்க ஓட்டிப்போய், அப்படியே சக்கரத்தைக் கழற்றிக்கொண்டு உள்ளே போய்விட்டேன், டியூப் மாற்றிப் பார்க்க. வீட்டில் எனக்கு அது ஏழு நிமிஷ வேலை. அங்கே முதல் பத்து நிமிஷம் கையுறையோடு மல்லுக்கட்டினேன். கழற்றினால் விரல் நுனி மரத்துப்போகிறது, போட்டுக்கொண்டால் டயரின் விளிம்பு எது, டியூப் எது என்று தெரியவில்லை. வால்வு மூடி கைநழுவி உருண்டு கேரட் பெட்டிகளுக்கு அடியில் போய்விட்டது. கையைக் கக்கத்தில் சொருகிக்கொண்டு நின்ற என்னைப் பார்த்து, அங்கே வேலை செய்யும் புதுக்கோட்டைத் தம்பி, "அண்ணே, வெளியில வெயில் அடிக்குதே, அங்க வச்சு மாட்டலாமே" என்றான். மொத்தம் 25 நிமிஷம் ஆனது.

மெல்லிய கம்பளிக் கையுறை உள்ளே, காற்றுப் புகாத கையுறை மேலே, இப்படி இரண்டடுக்கு வேண்டும் என்று நீ சொன்னதன் அருமை அப்போதுதான் தெரிந்தது. வேலை செய்யும்போது மேலே இருப்பதை மட்டும் கழற்றினால் போதும். பருத்தி பனியனையும் மூட்டை கட்டிவிட்டேன். வேர்வையைக் குடித்துவிட்டு உடம்போடு ஒட்டிக்கொண்டு, அதுவே ஐஸ் ஒத்தடம் கொடுக்கிறது.

அப்புறம் ஒன்று. வெளியே 31 டிகிரியில் டயருக்கு 60 psi காற்று அடித்து, சக்கரத்தை ராத்திரி முழுக்க அந்தக் கிடங்கிலேயே வைத்திருந்தேன். காலையில் பார்த்தால் 53. ஓட்டை ஒன்றுமில்லை, குளிரில் காற்று சுருங்கியதுதான். ஆகவே விடுதி அறையின் சூட்டில் அடித்துவிட்டு நிம்மதியாக இருக்கக் கூடாது, வெளியே கொஞ்ச நேரம் நிறுத்திவிட்டுத்தான் அழுத்தம் பார்க்க வேண்டும்.

இறக்கத்துக்கு நான் கண்டுபிடித்த மருந்து தமிழ் முரசு. ஐரோப்பியப் பந்தய வீரர்கள் அந்தக் காலத்தில் மலை உச்சியில் செய்தித்தாளை வாங்கிச் சட்டைக்குள் நெஞ்சோடு வைத்துக்கொண்டு இறங்குவார்களாம். ஃபேபர் மலையில் வைத்துப் பார்த்தேன், காற்று நெஞ்சில் அறையவே இல்லை. கீழே வந்தபோது வேர்வையில் தலைப்புச் செய்தி வயிற்றில் அச்சாகியிருந்தது. அம்மா இன்னும் அன்றைய பேப்பரைத் தேடிக்கொண்டிருக்கிறார்.

காலை 6 மணிக்குக் கிளம்பலாம் என்கிறாய். நான் வரமாட்டேன். பாதை பெரும்பாலும் ஆற்றோரம், பாலத்துக்குப் பாலம் தாண்ட வேண்டும். பாலத்துக்கு மேலேயும் காற்று, கீழேயும் காற்று என்பதால் பனி முதலில் அங்கேதான் உறையும் என்று நீதானே எழுதினாய்? உன் ஆணி டயர் மான்ட்ரியலிலேயே இருக்கப்போகிறது, என்னிடம் அதுவும் கிடையாது. 9 மணிக்கு, வெயில் வந்தபின் கிளம்புவோம். ஒரு நாள் கூடுதலாகப் போகட்டுமே, நம் இருவருக்கும் ஐம்பது தாண்டிவிட்டது.

கை குளிராமல் இருக்க ஹேண்டில்பாரில் மாட்டும் உறை இங்கே எந்தக் கடையிலும் இல்லை. கேட்டால் ஒரு மாதிரிப் பார்க்கிறார்கள். எனக்கும் ஒரு ஜோடி வாங்கி வா. வளைந்த ஹேண்டில் இல்லை, நேரான ஹேண்டில். வால்வு மூடியும் நாலைந்து எடுத்துப் போட்டுக்கொள்.

உன்
மச்சான்