'நியூட்டன்' போட்ட கமிட்டிக்கு

மும்பை செம்பூரில் எங்கள் ஹவுசிங் சொசைட்டி கமிட்டியில் இருக்கும் நம் தமிழ்ப் பெரியவர்களுக்கு,

வணக்கம். போன சனிக்கிழமை மொட்டைமாடியில் திரை கட்டி 'நியூட்டன்' போட்டீர்கள். 2017-இல் அமித் மசூர்கர் எடுத்த இந்திப் படம். நியூட்டன் என்கிற விறைப்பான தேர்தல் அதிகாரியாக ராஜ்குமார் ராவ் வந்து நின்றதுமே எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அதோடு போயிருந்தால் இந்த மடலே கிடையாது. மறுநாள் காலையில் வாட்ஸப்பில், "நம்ம கமிட்டியும் நியூட்டன் மாதிரிதான், ரூல்னா ரூல்" என்று செக்ரட்டரி சார் போட, வரிசையாகக் கட்டைவிரல்கள் விழுந்தன.

சார், நியூட்டன் யாரிடம் ரூல் பேசினான்? சத்தீஸ்கர் காட்டுக்குள் 76 ஓட்டுக்காக ஒரு சாவடி. அங்கே போவதே வீண் வேலை என்று சலித்துக்கொள்ளும் துணை ராணுவ அதிகாரியாகப் பங்கஜ் திரிபாதி. கையில் துப்பாக்கியும் பின்னால் படையும் வைத்திருக்கும் அந்த ஆளிடம்தான் இவன் மல்லுக்கு நிற்கிறான். ஆதிவாசிக்கு ஓட்டு உண்டு என்று சட்டம் சொன்னால், அதை அவர் கைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும், அவ்வளவுதான் அவன் பிடிவாதம். படம் அவனையும் சும்மா விடவில்லை. பயிற்சி கொடுக்க வரும் சஞ்சய் மிஸ்ரா, உன் நேர்மையைவிட அதில் உனக்கிருக்கும் திமிர்தான் உன் வியாதி என்கிற பொருளில் நன்றாகக் குட்டுகிறார். அந்த இடத்தில் நம் மாடியில் சத்தமே இல்லை, கவனித்தீர்களா?

இனி நம் ரூல்: வேலையாட்கள் மெயின் லிஃப்டில் ஏறக்கூடாது, சர்வீஸ் லிஃப்ட்தான். ஜூலை மழையில் சர்வீஸ் லிஃப்ட் பழுதாகிக் கிடந்தது. சீட்டா கேம்ப் குடிசைப் பகுதியிலிருந்து நனைந்துகொண்டே வேலைக்கு வந்த அக்கா ஏழு மாடி ஏறினார். கீழே மெயின் லிஃப்ட் காலியாக நின்றது. ஏற்றினால் தனக்கு ஃபைன் என்று வாட்ச்மேன் கையைப் பிசைந்தார், பாவம். மூன்றாவது மாடித் திருப்பத்தில் அந்த அக்கா உட்கார்ந்து முந்தானையைப் பிழிந்துகொண்டிருந்ததை நானே பார்த்தேன். சேர்மன் வீட்டு லேப்ரடார் மட்டும் அந்த வாரம் முழுக்க மெயின் லிஃப்டில்தான் போய் வந்தது. நாய் மேல் எனக்குக் கோபமில்லை.

உங்களைக் கட்டுப்படுத்தும் ரூல்களும் இருக்கின்றனவே! மகாராஷ்டிரக் கூட்டுறவுச் சங்கச் சட்டப்படி செப்டம்பர் 30-க்குள் ஆண்டுப் பொதுக்கூட்டம் நடத்தியாக வேண்டும். போன வருஷம் நாம் கூடியது டிசம்பரில். வீட்டை வாடகைக்கு விட்டவரிடம் வாங்கும் நான்-ஆக்குபன்சி சார்ஜ், சர்வீஸ் சார்ஜில் 10 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. நம் ரசீதில் அது எங்கேயோ போய் நிற்கிறது. இதையெல்லாம் கேட்டால் மட்டும் "அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க சார்" என்கிறீர்கள்.

மெயின் லிஃப்டில் 'வேலையாட்களுக்கு அனுமதி இல்லை' என்று ஒட்டியிருக்கும் தாளைக் கிழித்துவிட்டு, அதே இடத்தில் இந்த வருஷப் பொதுக்கூட்டத் தேதியை ஒட்டுங்கள். வரவு செலவுக் கணக்கை எடுத்துவாருங்கள். ரசீதுகளோடு நானும் வருகிறேன்.

இப்படிக்கு,
பி விங் வாசி ஒருவர்