டாக்காவையும் சோனகத் தெருவையும் சேர்த்துப் படியுங்கள்

ஆசிரியருக்கு,

கடந்த ஞாயிறு உங்கள் பத்திரிகையில் வந்த கட்டுரை ஒன்றை இரண்டு தரம் வாசித்தேன். வெள்ளைக்காரன் விட்டுப்போன நாடுகளில் முஸ்லிம்கள் பெரும்பான்மையாக இருக்கும் இடமெல்லாம் மதம்தான் அரசை நடத்துகிறது, ஜனநாயகம் அங்கே வேர்விடாததற்கு அதுவே காரணம், இலங்கையிலும் முஸ்லிம்கள் தமிழை விட்டு மதத்தைப் பிடித்தது அதனால்தான் என்று எழுதியிருந்தது. நான் இருபத்தெட்டு வருடம் உயர்தர வகுப்புக்கு அரசியல் விஞ்ஞானம் படிப்பித்தவள். இப்படி ஒரே சாவியால் எல்லாப் பூட்டையும் திறக்கப் பார்க்கும் எழுத்தைப் பிள்ளைகள் அப்படியே பாடமாக்கிக்கொண்டு போவார்கள் என்ற கவலையில்தான் இதை எழுதுகிறேன்.

கட்டுரையாளர் பாகிஸ்தானில் தொடங்கினார். நானும் அங்கேயே தொடங்குகிறேன். 1947 ஆகஸ்ட் 11ஆம் திகதி ஜின்னா அரசியலமைப்புச் சபையில் பேசும்போது, நீங்கள் கோயிலுக்கோ பள்ளிவாசலுக்கோ சுதந்திரமாகப் போகலாம், ஒருவர் எந்த மதம் என்பதற்கும் அரச காரியத்துக்கும் சம்பந்தமில்லை என்ற கருத்தைத்தான் சொன்னார். அந்த நாட்டில், தங்களை முஸ்லிம் என்றே சொல்லும் அகமதியப் பிரிவினரை முஸ்லிம் அல்லாதவர்கள் என்று 1974இல் அரசியலமைப்பில் எழுதியது யார்? சோசலிசம் பேசி, வாக்கு வாங்கி வந்த பூட்டோவின் அரசு. 1979இல் ஹுதூத் என்ற இஸ்லாமியத் தண்டனைச் சட்டங்களைக் கொண்டுவந்தவர் ஜெனரல் சியா உல் ஹக். 1977இல் துப்பாக்கியால் ஆட்சியைப் பிடித்தவருக்கு மக்களிடம் காட்ட ஒரு ஆணை இருக்கவில்லை. மதத்தைக் காட்டினார். பங்களாதேஷிலும் அதே கதைதான். 1972 அரசியலமைப்பில் மதச்சார்பின்மை இருந்தது. 1988இல் இஸ்லாத்தை அரச மதமாக்கிய எர்ஷாத்தும் 1982இல் ஆட்சியைப் பிடித்த ஒரு ஜெனரல். ஆட்சிக்கு வந்த வழியைக் கேட்காமல் மதத்தை மட்டும் கேட்டால் விடை பிழைக்கும்.

அந்தக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லாத விசயம் ஒன்று இருக்கிறது. பாகிஸ்தான் உடைந்தது எதனால்? இன்று பங்களாதேஷாக இருக்கும் கிழக்கிலும், மேற்கிலும் ஒரே மதம்தான் பெரும்பான்மை. சனத்தொகையில் பாதிக்கு மேல் கிழக்கில்தான் இருந்தது. அப்படியிருந்தும் 1948 மார்ச்சில் ஜின்னா டாக்காவுக்குப் போய், அரச மொழி உருது மட்டும்தான் என்றார். 1952 பெப்ரவரி 21இல் வங்காள மொழிக்காக ஊர்வலம் போன மாணவர்களைப் பொலிஸ் சுட்டது. 1954 மாகாணத் தேர்தலில், பாகிஸ்தானையே உருவாக்கிய முஸ்லிம் லீக் கிழக்கில் அடியோடு தோற்றது. 1971இல் தனி நாடு. இதை வகுப்பில் சொல்லும்போது, எங்கள் நாட்டில் தனிச் சிங்களச் சட்டம் வந்த 1956ஐப் பக்கத்தில் எழுதிக் காட்டுவேன். பிள்ளைகளுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

இந்தோனேசியாவில் 1945 ஆகஸ்ட் 18இல், முஸ்லிம்கள் ஷரீஆவைப் பின்பற்றும் கடமை பற்றிய வாசகத்தை அரசியலமைப்பு முகவுரையிலிருந்து முஸ்லிம் தலைவர்களே எடுத்துவிட்டார்கள். கிழக்குத் தீவுகளின் கிறிஸ்தவர்கள் விலகிப் போய்விடக் கூடாது என்று அப்படிச் செய்தார்கள். அதற்காக அந்த நாட்டைப் புனிதமாக்க நான் வரவில்லை. 1965, 66இல் கம்யூனிஸ்டுகள் என்று சொல்லி லட்சக்கணக்கானோரைக் கொன்றபோது, இராணுவத்தோடு முஸ்லிம் இளைஞர் அமைப்புகளும் நின்றன. துனீசியாவில் 1956இல் பிரதமர் பூர்கிபா பலதார மணத்தைத் தடை செய்தபோது குர்ஆனை வைத்தே நியாயம் சொன்னார். அல்ஜீரியாவில் 1991 டிசம்பர் தேர்தலின் முதல் சுற்றில் இஸ்லாமியக் கட்சி முன்னுக்கு வந்தது. அடுத்த மாதமே இராணுவம் தேர்தலை நிறுத்தியது. அதன் பிறகு வந்த போரில் ஆயுதக் குழுக்கள் ஊர் ஊராக மக்களை வெட்டின. வாக்குப் பெட்டியை முதலில் மூடியது யார் என்பதையும் அதோடு சேர்த்துத்தானே எழுத வேண்டும்?

செனகலை மட்டும் கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன், எனக்குப் பிடித்த பாடம் அது. மக்களில் மிகப் பெரும்பான்மை முஸ்லிம்கள். 1960 முதல் இருபது வருடம் ஜனாதிபதியாக இருந்த செங்கோர் ஒரு கத்தோலிக்கர். 1962இல் அவருக்கும் பிரதமர் மமது தியாவுக்கும் பிணக்கு வந்தது. தியா முஸ்லிம். முரீத் என்ற பெரிய சூஃபி அமைப்பின் தலைவரோ கத்தோலிக்கரின் பக்கம் நின்றார். தியா கொண்டுவந்த கிராமச் சீர்திருத்தம், நிலக்கடலைச் செய்கையிலும் வியாபாரத்திலும் சமயப் பெரியவர்களுக்கு இருந்த பிடியைத் தொட்டுவிட்டது. நிலத்தையும் விளைச்சலையும் விட்டுவிட்டு மதத்தை மட்டும் பார்த்தால் இதை எப்படி விளங்கிக்கொள்வது?

சரி, எங்கள் கதைக்கு வருகிறேன்.

முஸ்லிம்கள் தமிழை விட்டுப் போனார்கள் என்று சொல்பவர்கள் 1888ஐ ஒரு தரம் பார்க்க வேண்டும். இலங்கைச் சோனகர், அதாவது இங்குள்ள முஸ்லிம்கள், இனத்தால் தமிழரே என்று தமிழ்த் தலைவர் பொன்னம்பலம் இராமநாதன் கட்டுரை வாசித்தார். அந்த நேரம் சட்டசபையில் முஸ்லிம்களுக்குத் தனி ஆசனம் என்ற பேச்சு இருந்தது. சொந்தம் கொண்டாடும் அந்த வார்த்தைக்குப் பின்னால் ஆசனக் கணக்கு இருக்கிறது என்று முஸ்லிம்கள் நினைத்தார்கள். ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் 1907இல் மறுப்பு எழுதினார். 1915 சிங்கள முஸ்லிம் கலவரத்தில் முஸ்லிம்களின் கடைகளும் பள்ளிவாசல்களும் எரிந்தன. அதற்குப் பிறகு கைதான சிங்களத் தலைவர்களுக்காகத்தான் இராமநாதன் வாதாடினார். இராணுவச் சட்டத்தின் கொடுமையை அவர் எதிர்த்தது நியாயம்தான். ஆனால் அடிபட்டவர்களின் வீட்டில் அது எப்படிக் கேட்டிருக்கும்?

இன்னொருவரையும் சொல்ல வேண்டும். எங்கள் வண்ணார்பண்ணையில் 1911இல் பிறந்து, யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியில் படித்த ஏ.எம்.ஏ. அஸீஸ், இலங்கை சிவில் சேவையில் சேர்ந்த முதல் முஸ்லிம். பிறகு கொழும்பு சாஹிராக் கல்லூரி அதிபர், செனட்டர். தனிச் சிங்களக் கொள்கையை எதிர்த்து 1956இல் ஐக்கிய தேசியக் கட்சியை விட்டு விலகினார். தமிழைக் கைவிடாத முஸ்லிம் தலைவர் எங்கே என்று கேட்பவர்களுக்கு, அவர் பிறந்த ஊர் எங்கள் ஊர்தான்.

முஸ்லிம்கள் தனிக் கட்சி கட்டியதையும் மதவெறி என்று எழுதியிருந்தார். முஸ்லிம் காங்கிரஸ் 1981இல் காத்தான்குடியில் தொடங்கியது. 1990 ஆகஸ்ட் 3ஆம் திகதி அதே காத்தான்குடியில், பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். அதற்குப் பிறகும் அந்த மக்கள் தங்களுக்கென்று ஒரு கட்சியைத் தேட மாட்டார்களா?

அப்புறம் அதே 1990இன் ஒக்டோபர் 30. இதை எழுதாமல் இந்தக் கடிதத்தை முடிக்க என்னால் முடியாது.

யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் வாழ்ந்த சோனகத் தெருவில் ஒரு தையற்காரர் இருந்தார். 1973இல் நான் பல்கலைக்கழகம் போகும்போது என் முதல் சட்டைகளைத் தைத்தவர் அவர். என்னை ‘தங்கச்சி’ என்றுதான் கூப்பிடுவார், நான் ‘நானா’ என்பேன். என் மகளின் பள்ளிச் சீருடைக்கு அவரிடம் துணி கொடுத்திருந்தேன். அன்று காலை ஒலிபெருக்கியில் அறிவித்துக்கொண்டு போனார்கள். எல்லோரும் ஒஸ்மானியாக் கல்லூரியின் ஜின்னா மைதானத்துக்கு வரவேண்டும் என்றார்கள். அங்கே வைத்து, இரண்டு மணித்தியாலத்துக்குள் யாழ்ப்பாணத்தை விட்டுப் போய்விட வேண்டும் என்று புலிகள் சொன்னார்கள். அந்த இரண்டு மணித்தியாலத்துக்குள் அவர், வெட்டி வைத்திருந்த துணியைச் சோக்குக் கோட்டோடு அப்படியே மடித்து, எங்கள் ஒழுங்கைப் பையன் ஒருவனிடம் கொடுத்தனுப்பினார். அவருடைய தையல் மெசின் கடையிலேயே கிடந்தது. நாங்கள் படலையில் நின்று பார்த்தோம். ஒருவரும் வாய் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை.

வடக்கிலிருந்து அப்படிப் போனவர்கள் எழுபதாயிரத்துக்கும் மேல். அவர்கள் பேசியது தமிழ். வீட்டில் திட்டியதும் தாலாட்டியதும் தமிழில். மதம் வேறு என்ற ஒரே அடையாளத்தை வைத்து அவர்களைப் பிரித்து எடுத்தது நாங்கள். டாக்காவில் ஒரே மதத்தவரை மொழியை வைத்து ஒதுக்கினார்கள், இங்கே ஒரே மொழியினரை மதத்தை வைத்து ஒதுக்கினோம். பயந்தோம் என்பது உண்மை. எங்களுக்கும் சாவு பக்கத்தில்தான் இருந்தது. அதையும் எழுதலாம், ஆனால் இதை எழுதாமல் அதை மட்டும் எழுதக் கூடாது.

2009க்குப் பிறகு சில குடும்பங்கள் திரும்பி வந்திருக்கின்றன. பலர் அகதியாகப் போன புத்தளத்திலேயே பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் கண்டுவிட்டார்கள். நான் சந்தைக்கு நடக்கும் வழியில் கூரையில்லாத சுவர்கள் இன்னும் நிற்கின்றன.

ஆசிரியரே, இந்த வருடம் ஒக்டோபர் 30 அன்று உங்கள் பத்திரிகையில் ஒரு முழுப் பக்கத்தை யாழ்ப்பாண முஸ்லிம்களுக்கு ஒதுக்கித் தாருங்கள். அவர்களைப் பற்றி நாங்கள் எழுதுவதைப் போடவேண்டாம், அவர்களே எழுதட்டும். எழுத்து வராத வயதானவர்கள் இருந்தால், சொல்லச் சொல்ல எழுதி எடுக்க நான் வருகிறேன். என் பழைய மாணவிகள் இரண்டு பேரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். புத்தளத்துக்குப் போகவேண்டி வந்தால் பஸ் செலவு எங்களுடையது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அரசியல் விஞ்ஞான ஆசிரியை,
வண்ணார்பண்ணை, யாழ்ப்பாணம்.