பிரானேசி கட்டிய ஒரே தேவாலயம்

அன்பு மகளுக்கு,

போன வாரம் போனில், "ஆறு வருஷமா வரையறேன்ப்பா, ஒண்ணுகூடக் கட்டடமா எழும்பல" என்றாய். எனக்கு உடனே பதில் வரவில்லை. அப்புறம் பிரானேசியின் படங்களை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

வெனிஸ் பக்கத்து ஆள் அவர். 1720இல் பிறந்தவர், கல்தச்சர் மகன். இருபது வயதில் ரோமுக்குப் போனார். கட்டடக் கலைஞர் என்றுதான் தன் பெயரோடு போட்டுக்கொண்டார். ஆனால் வாழ்நாள் முழுக்க அவர் கையால் எழுந்தது ரோமின் அவென்டைன் குன்றில் ஒரே ஒரு தேவாலயம்தான். அதுவும் 1764க்கு மேல், இருந்ததைப் புதுப்பித்துக் கட்டியது.

மற்றதெல்லாம் செப்புத் தகட்டில்தான். கல்லூரியில் நானும் அந்த வேலை செய்திருக்கிறேன். தகட்டில் மெழுகு பூசி, ஊசியால் கீறி, அமிலத்தில் இறக்குவோம். கீறின இடத்தை மட்டும் அமிலம் தின்னும். கோடு நெடுகச் சின்னச் சின்னக் குமிழி கிளம்பும். இறகால் தள்ளிவிட்டபடியே நிற்க வேண்டும். ஊற ஊற ஆழம். அப்புறம் அந்தப் பள்ளத்தில் மை நிரப்பித் தாளில் அச்செடுத்தால், ஆழத்துக்கேற்ற கறுப்பு. பிரானேசி மெல்லிய கோடுகளை மூடிவிட்டு, இருள வேண்டிய இடத்தை மட்டும் மறுபடி மறுபடி அமிலத்துக்குக் கொடுத்தார்.

1750 வாக்கில் 'கற்பனைச் சிறைகள்' என்று 14 படங்கள் போட்டார். எங்கே போய் முடிகிறது என்று தெரியாத படிக்கட்டுகள், கப்பியில் தொங்கும் கயிறு, பாலத்துக்கு மேல் பாலம். 1761இல் அதே தகடுகளைத் திரும்ப எடுத்துக் கீறினார். இரண்டைப் புதிதாகச் சேர்த்தார். முதலில் வெளிச்சமாக விட்ட மூலையெல்லாம் இருண்டு, அதற்குள் இன்னும் படிகள் முளைத்தன. எனக்கு இந்த இரண்டாவதுதான் உயிர்.

ரோம் நகரத்தை 135 படங்களாக வரைந்தார். ஐரோப்பா அந்த ஊரை மனதில் கட்டிக்கொண்டது அவற்றை வைத்துத்தான். ஜெர்மானியக் கவி கதே நேரில் போய்ப் பார்த்தபோது, நிஜ இடிபாடுகள் அவ்வளவாக நிறைவு தரவில்லை. சோவியத் இயக்குநர் ஐசன்ஸ்டைன் அந்தச் சிறைகளைப் பற்றிக் கட்டுரையே எழுதினார். 1778இல் இறந்தவரை அந்த ஒரே தேவாலயத்தில்தான் அடக்கம் செய்திருக்கிறார்கள்.

உன் ஐந்தாம் வருஷ நூலக வரைபடம் இங்கே பீரோ மேல் சுருட்டியபடி இருக்கிறது, கண்ணு. தூசி தட்டி வைத்திருக்கிறேன். பொங்கலுக்கு வரும்போது உன் பேனாக்களையும் எடுத்து வா.

அப்பா